மரம் என்று எழுதி, தூளை அனுப்பினால்...

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பியபோது ஐந்து கடிதங்கள் தாமாகவே ஒரு கட்டாகச் சேர்ந்துகொண்டன. வாங்கும்போது சொன்னது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறு, கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் வழக்கறிஞர் அல்ல. 22 ஆண்டுகள் ஒரு பெரிய கடையில், பொருளைத் திருப்பித் தர வருபவர்கள் நிற்கும் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தவள். உங்களை வெறுங்கையோடு அனுப்ப என்னென்ன சொல்வோம் என்பது எனக்கு மனப்பாடம். அதற்கான பரிகாரமாகத்தான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, இணையத்தில் ஓர் எழுதுமேசை வாங்கினேன். 'முழுவதும் தேக்கு மரம்' என்று விவரத்தில் இருந்தது. தனித்தனிப் பலகைகளாக வந்ததை நானும் கணவருமாகப் பூட்டினோம். ஒன்பதாம் நாள் நகர்த்தும்போது ஒரு மூலை சுவரில் இடித்துப் பெயர்ந்தது. உள்ளே மரமே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, அதன் மேல் தாள் போல ஒரு படலம், அவ்வளவுதான். கடைக்கு எழுதினேன். 'நீங்கள் பூட்டிப் பயன்படுத்திவிட்டீர்கள், மூலையையும் உடைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க இயலாது. நல்லெண்ண அடிப்படையில் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு எங்கள் கடைக் கூப்பன் தருகிறோம்' என்கிறார்கள். இதுவரை ஆறு மின்னஞ்சல்கள் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கூப்பனை வாங்கிக்கொண்டு தலைமுழுகிவிடலாமா?

பதில்: கூப்பனைத் தொடாதீர்கள். தொட்டால் 'வாடிக்கையாளர் தீர்வை ஏற்றுக்கொண்டார்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி எத்தனையோ கோப்புகளை என் கையாலேயே மூடியிருக்கிறேன்.

நீங்கள் இணைத்திருந்த ஆறு மின்னஞ்சல்களையும் படித்தேன். ஆறிலும் மேசை எவ்வளவு மட்டம் என்றே எழுதியிருக்கிறீர்கள். 'தரமே இல்லை', 'லேசாக இடித்ததற்கே பெயர்ந்துவிட்டது', 'இப்படியும் ஒரு வியாபாரமா'. கோபம் நியாயமானது. ஆனால் வழுக்கியது அங்கேதான். நீங்கள் தரம் என்று பேச்செடுத்தீர்கள், அவர்கள் பயன்பாடு என்று பதில் சொன்னார்கள், கடைசியில் மூலையை உடைத்தது யார் என்ற சண்டையாகிவிட்டது. அது அவர்களுக்கு வசதியான சண்டை. அந்த மேசை பாறை போல உறுதியாக இருந்திருந்தாலும், ஒரு கீறல் விழாமல் பத்து ஆண்டுகள் உழைத்திருந்தாலும், அவர்கள் விற்றதாகச் சொன்ன மேசை அது அல்ல. 'முழுவதும் தேக்கு' என்ற இரண்டு சொற்களை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். அந்தச் சொற்களைவிட்டு இனி ஓர் அங்குலம் நகராதீர்கள்.

அங்குலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1933-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை (அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுவே) போன வழக்கு ஒன்று உண்டு. சிமெண்ட் பீப்பாய் செய்வதற்கான பலகைகள், தடிமன் அரை அங்குலம் என்று ஒப்பந்தம். வந்தவற்றில் பெரும்பாலானவை அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், அதிகப்படியாக அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பீப்பாய் செய்ய அது எந்த விதத்திலும் தடையில்லை. இருந்தும் வாங்கியவர் சரக்கை மறுக்கலாம் என்று தீர்ப்பானது. ஒரு டன் என்றால் ஏறக்குறைய ஒரு டன் என்று பொருளில்லை, அரை அங்குலம் என்றால் ஏறக்குறைய அரை அங்குலம் என்று பொருளில்லை என்றார் நீதிபதி அட்கின். மர விலை இறங்கிவிட்டதால்தான் வாங்கியவர் நழுவப் பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அவ்வளவு கறாராகப் போயிருக்க வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. தேக்குக்கும் தூளுக்கும் இடையில் இருப்பது பதினாறில் ஒரு பங்கு வித்தியாசமா என்ன?

அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்தது 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொருள் விற்பனைச் சட்டம். இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் ஆகிய மூன்றும் அதன் வயிற்றில் பிறந்தவை. சிங்கப்பூரிலும் அதே குடும்பத்துச் சட்டம்தான். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற வரி எல்லாவற்றிலும் உண்டு. இந்தப் பத்தியை எந்த நாட்டிலிருந்து படித்தாலும் உங்கள் கடிதத்தில் முதலில் வர வேண்டிய வாக்கியம் அதுவே.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்து, முகவரியும் தேதியும் தெரிய, மேலிருந்து கீழ் வரை திரையைப் படம் பிடித்து வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் 'முழுவதும் தேக்கு' என்பது தெரிகிறது, தேதி தெரியவில்லை. புகார் வந்த பிறகு பக்கத்தில் சொல்லை மாற்றுவார்களா என்று அப்பாவியாகக் கேட்காதீர்கள். எங்கள் கடையில் 'தோல் பை' ஒரே இரவில் 'தோல் போன்ற பை' ஆனதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றச் சொல்லிப் போன் செய்தவள் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கம் ஏற்கெனவே மாறியிருந்தால் ஆர்டர் உறுதியான மின்னஞ்சல், பில், பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் என்று தேடுங்கள். பொருளின் பெயரிலேயே 'தேக்கு' இருந்தால் அது இந்த மூன்றில் ஒன்றிலாவது அச்சாகியிருக்கும். பக்கத்தை மாற்றியவர்கள் பில்லை மாற்ற மறந்துவிடுவார்கள்.

அடுத்தது மேசை. உடைந்த மூலையின் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். அது உடைந்த மூலை என்றுதான் பார்ப்பவருக்குத் தெரியும். விளிம்பைப் படம் எடுங்கள். உண்மையான மரப்பலகையில் மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடிந்து கீழே தொடரும். பலகையின் குறுக்கு வெட்டுமுகத்தில் நீள ரேகை இருக்காது, ஆண்டு வளையங்களின் வில் வளைவுகள்தான் தெரியும். வெனீர் என்ற மெல்லிய படலம் ஒட்டிய பலகையில் மேலேயும் நீள ரேகை, வெட்டுமுகத்தில் ஒட்டிய பட்டையிலும் நீள ரேகை. அப்படி ஒரு மரம் உலகில் முளைப்பதில்லை. ஒரு திருகாணியைக் கழற்றி, துளையிலிருந்து கொட்டுவதையும் எடுங்கள். மரத்திலிருந்து நாரும் சுருளும் வரும், தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டிலிருந்து ரவை போலத் துகள் கொட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தால் நல்லது. வெறியில் இன்னொரு மூலையைப் பெயர்த்துக் காட்டாதீர்கள்.

மேசை மீதிருக்கும் கணினியை இன்றைக்கே இறக்கி வையுங்கள். ஒரு பொருளை ஏற்கவில்லை என்று எழுதிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பூட்டியதைப் பற்றிக் கவலை வேண்டாம். பூட்டினால்தான் மேசை, பூட்டாமல் எதைச் சோதிப்பது? பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு வாங்குபவருக்கு உண்டு, அதுவும் அதே சட்டங்களில் இருக்கிறது.

இனிக் கடிதம். ஏழாவது மின்னஞ்சல் முந்தைய ஆறின் தொடர்ச்சியாக இருக்க வேண்டாம், புதிதாக ஆரம்பியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அல்லாமல் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். இப்படி:

'இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில், "முழுவதும் தேக்கு மரம்" என்ற விவரத்தின் பேரில் உங்களிடம் எழுதுமேசை வாங்கினேன். வந்திருப்பது வெனீர் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. உங்கள் விவரத்தின் படமும் மேசை விளிம்பின் படமும் இணைத்துள்ளேன். விவரத்துக்கு ஒத்திராத பொருள் என்பதால் இதை நான் ஏற்கவில்லை. முழுத் தொகையையும் பணம் செலுத்திய வழியிலேயே திருப்பித் தந்து, உங்கள் செலவில் மேசையை எடுத்துச் செல்லுங்கள். இன்று முதல் மேசை பயன்படுத்தப்படாமல் உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.'

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். மூலை உடைந்ததை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அவர்கள் அதைக் கிளப்பினால், 'உள்ளே இருப்பது தேக்கு இல்லை என்பது அந்த மூலை வழியாகத்தான் தெரிந்தது' என்று ஒரே வரியில் பதில் போதும்.

'ஏற்கவில்லை' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'ஏமாற்றமாக இருக்கிறது', 'ஆவன செய்யவும்' என்றெல்லாம் எழுதினால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'கருத்து'. கருத்துக்கு வருத்தம் தெரிவித்தால் போதும். ஏற்கவில்லை, இதைத் தாருங்கள், இந்தத் தேதிக்குள் தாருங்கள் என்று வந்தால் அது மேலதிகாரியின் மேசைக்குப் போயே தீர வேண்டிய தாள்.

காலக்கெடுக்கள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் வந்த 30 நாட்களுக்குள் மறுத்தால் முழுப் பணமும் கேட்கலாம். 30 நாள் தாண்டினால் முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகையால் அங்கிருப்பவர்கள் மின்னஞ்சல் பந்தாட்டத்தில் நாட்களைத் தொலைக்கக் கூடாது. சிங்கப்பூரில் 2012 முதல், ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு.

என் பணிக்காலத்தில் மறக்க முடியாதவர் ஒரு பெரியவர். கத்துகிறவர்களைச் சமாளிப்பது எங்களுக்கு எளிது. குரல் உயர்ந்ததும் 'மரியாதையாகப் பேசுங்கள்' என்று பேச்சைத் திருப்பிவிடலாம், அப்புறம் பொருளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இவர் கத்தவில்லை. ஒரு கம்பளியை மேசை மேல் வைத்தார். எங்கள் கடை விளம்பரத் தாளைப் பக்கத்தில் விரித்தார். அதில் 'முழுக் கம்பளி' என்ற சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. கம்பளியின் ஓரத்தைப் புரட்டி, தைத்திருந்த சிறு பட்டையைக் காட்டினார். பாதிக்கு மேல் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொன்ன எல்லாவற்றுக்கும், 'மேலிடத்தில் கேட்க வேண்டும்' என்ற வழக்கமான கதை உள்பட, விரலை மட்டும் கோட்டின் மேல் வைத்தார். நான்கு நிமிடத்தில் பணம் கொடுத்தோம். உங்கள் மின்னஞ்சல் அந்த விரலைப் போல இருக்க வேண்டும்.

கேள்வி: கடைக்கு நேரில் போய் '100% பருத்தி' என்று அட்டை வைத்திருந்த படுக்கை விரிப்பு இரண்டு வாங்கினேன். முதல் துவைப்பிலேயே நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது, பருத்தியாகவே தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், 'தொட்டுப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்' என்கிறார். சுவரில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பலகையும் இருக்கிறது. பில்லிலும் அதையே அச்சடித்திருக்கிறார். எனக்கு வழி உண்டா?

பதில்: முதலில் பருத்தியா இல்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உருண்டை திரள்வது மட்டும் சாட்சியாகாது, மட்டமான பருத்தியும் திரளும். விரிப்பின் ஓரத்து மடிப்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாகும். இரண்டும் கலந்திருந்தால் கொஞ்சம் எரியும், கொஞ்சம் உருகும். நெடுக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று என்று இரண்டையும் சோதியுங்கள். ஒரு திசையில் மட்டும் பருத்தி போடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. விரிப்பையே கொளுத்திவிட வேண்டாம், அது உங்கள் சான்று. கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் துணிப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கைதான் ஆணையத்தில் நிற்கும், உங்கள் கிண்ணத்துச் சோதனை உங்கள் மனத்தெளிவுக்கு.

'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்பது எனக்கும் பிடித்த வாசகமாக இருந்தது. அதற்குப் பதில் 1967-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடைத்தது. ஒருவர் '1961 ஹெரால்ட்' கார் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தார். இன்னொருவர் வந்து பார்த்தார், பின்னால் '1200' என்ற சின்னத்தையும் பார்த்தார், வாங்கிப் போனார். பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு கார்கள். பின் பாதி 1961-ன் கார், முன் பாதி அதற்கும் பழைய மாடல், நடுவில் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள். விற்றவருக்கே அது தெரியாது, பாவம். வாங்கியவர் கண்ணால் பார்த்திருந்தாலும் விளம்பரத்தின் விவரத்தை நம்பித்தான் வாங்கினார் என்று சொல்லி, நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு வழங்கியது. ஒரு காரின் முன் பாதி வேறு என்பதே பார்த்தவர் கண்ணுக்குப் படவில்லை. விரிப்பின் நூல் என்ன நூல் என்று விரலால் தடவித் தெரியுமா?

பலகை விஷயம் எளிது. உங்களுக்கு மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பலகைக்கு ஏதாவது மதிப்பு இருக்கலாம். பருத்தி என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தவர் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். அந்த '100% பருத்தி' அட்டை இன்னும் கடையில் தொங்குகிறது என்றால், நாளைக் காலை போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால்.

கேள்வி: புதிய கைப்பேசி என்று விற்றார்கள். பெட்டியும் சீலும் புதிதாகத்தான் இருந்தன. பேட்டரி சீக்கிரம் இறங்குவதால் சந்தேகப்பட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உத்தரவாதம் ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. கடைக்காரர் 'கணினிப் பிழை' என்கிறார். 'எல்லா இடத்திலும் உங்களைப் பற்றி எழுதிக் கிழித்துவிடுவேன்' என்று பதிலுக்கு எழுதிவிட்டேன். இப்போது போனையே எடுப்பதில்லை. கிரெடிட் கார்டில்தான் பணம் கட்டினேன்.

பதில்: கிழித்துவிடுவேன் என்று எழுதியது தவறு, தம்பி. அந்த ஒரு வரியைக் காட்டி 'மிரட்டுகிறார்' என்று ஆரம்பிப்பார்கள். நடந்ததை உள்ளபடி எழுதுவது உங்கள் உரிமை. பணம் தந்தால் எழுத மாட்டேன் என்று பேரம் பேசுவது வேறு. போனது போகட்டும்.

மற்ற விதத்தில் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள், கார்டில் கட்டியதால். கைப்பேசியில் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண், வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரின் பக்கத்தில் உத்தரவாதத் தொடக்கத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்ற கணக்கைச் சில மாடல்கள் அமைப்புகளிலேயே காட்டும், காட்டினால் அதையும் எடுங்கள். வாங்கி இரண்டு வாரமே ஆன போனில் முந்நூறு முறை சார்ஜ் ஆகியிருந்தால் அதுவுமா கணினிப் பிழை?

கடைக்கு ஒரு முறை, மேசை வாங்கிய வாசகிக்குச் சொன்ன பாணியில், அமைதியாக எழுதுங்கள். போனைத் திருப்பித் தரத் தயார் என்பது அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ உங்கள் வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது, கேளுங்கள். விசாவும் மாஸ்டர்கார்டும் விவரத்துக்கு மாறான பொருள் என்பதைத் தனிக் காரணமாகவே வைத்திருக்கின்றன. வங்கியின் படிவத்தில் அந்தக் காரணத்தையே தேர்ந்தெடுங்கள். 'மோசடிப் பரிவர்த்தனை' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கார்டை வேறு யாரோ பயன்படுத்தினார்கள் என்று பொருளாகி உங்கள் கோரிக்கை விழுந்துவிடும். பலர் தோற்பது இந்த ஒரு கட்டத்தில் தவறாக டிக் அடித்துத்தான். பொதுவாக 120 நாள் கெடு, ஆனால் வங்கிகள் தம் பங்குக்கு அதைச் சுருக்கவும் செய்யும். இந்த வாரமே கேளுங்கள். கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணத்துக்கு இந்த வழி இல்லை என்பதை மற்ற வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

போனைக் கூரியரில் அனுப்பச் சொன்னால், கண்காணிப்பு எண்ணும் கையெழுத்தும் உள்ள சேவையில் அனுப்புங்கள். பெட்டியில் வைத்து மூடுவதை இடைவெளி இல்லாமல் வீடியோ எடுங்கள், ஐஎம்இஐ எண் தெரிய. எங்கள் மேசைக்குச் செங்கல் வந்த பெட்டிகளும் உண்டு. நேர்மையானவர் அனுப்பியதையும் கடை அந்தக் கண்ணோடுதான் திறக்கும்.

கேள்வி: நான் கடைக்காரர் பக்கம். வீட்டிலிருந்தே கைவினைப் பைகளை இணையத்தில் விற்கிறேன். 'படத்தில் கரும்பச்சை, வந்தது நீலப்பச்சை' என்று ஒருவர் திருப்பிக் கேட்கிறார். படத்தை நான் திருத்தவில்லை. திரைக்குத் திரை நிறம் மாறும் என்று கீழே சிறிய எழுத்தில் எழுதியும் இருக்கிறேன். நான் எதற்குத் தர வேண்டும்?

பதில்: பெயர் என்ன போட்டிருந்தீர்கள் என்று பார்த்தேன்: 'கரும்பச்சைப் பை'. படம் திரையில் மாறலாம், சொல் மாறாது. 'கரும்பச்சை' என்று எழுதியது நீங்கள். பையைச் சன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் நாலு பேரிடம் காட்டுங்கள். மூன்று பேர் நீலம் என்று தொடங்கினால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. நாலு பேரும் பச்சை என்றால் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிப் பேசிப் பாருங்கள். சிறிய எழுத்தை நம்பாதீர்கள். அதைப் பெரிய எழுத்தாக்கி, வெள்ளைத் தாளின் மேல் பையை வைத்து இன்னொரு படமும் போட்டால், இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: போன ஆண்டு உங்கள் பதிலைப் பின்பற்றி, அளவு தவறாகச் சொல்லி விற்ற அலமாரிக்கு முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிவிட்டேன். நன்றி. ஆனால் அலமாரியை எடுத்துப்போக யாரும் வரவில்லை. மூன்று மாதமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது அது யாருடையது? விற்றுவிடலாமா?

பதில்: பணம் உங்கள் கைக்கு வந்துவிட்டது, எனவே அலமாரி அவர்களுடையது. விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர்கள் ஆறாவது மாதம் விழித்துக்கொண்டு பொருளைக் கேட்டால், வென்ற வழக்கில் நீங்கள் எதிர்த்தரப்பாகிவிடுவீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள்: எடுத்துப்போக மூன்று தேதிகள், நேரத்தோடு. அந்தத் தேதிகளில் வராவிட்டால், நியாயமான அவகாசத்துக்குப் பிறகு அப்புறப்படுத்த வேண்டியிருக்கும், அதற்காகும் செலவு அவர்கள் பொறுப்பு என்று சேர்த்துவிடுங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பெரும்பாலும் முதல் தேதிக்கே வண்டி வரும், கிடங்கில் யாரோ ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை அதற்குள் எதையும் மடித்து வைக்காதீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் இரண்டாம் தட்டில் நான்கு போர்வைகள் தெரிகின்றன.